முதலில் ஒரு குட்மார்னிங்

கப்பல் வந்துவிட்டது.

அந்தச் சின்னத் தீவின் ரோஸோ ஊரில் எந்தச் சந்தில் நின்று மேற்கே பார்த்தாலும் கடல் தெரியவில்லை. பதினான்கு மாடி வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அது ஊதிய ஊதலில் கடைத்தெருத் தகரங்கள் அதிர்ந்தன. நாய்கள் ஓடின. பஸ்காரர்கள் சட்டையைக் கால்சட்டைக்குள் திணித்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு ஓடினார்கள்.

சுற்றுலாப் பருவத்தின் முதல் கப்பல். ஏழு மாதமாக யாரும் பார்க்காத கூட்டம்.

எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாக, சவரம் செய்து பவுடர் போட்ட முகத்தோடு நின்றவர் தியோஃபில். கையில் அட்டை. அதில் மகள் எழுதிக் கொடுத்திருந்தாள்: ‘பள்ளத்துக் குளியல், வெந்நீர் ஊற்று, இரட்டை அருவி.’

அவருக்கு எழுபத்தொரு வயது. காலையில் வந்து சாயங்காலம் போகிற எதையும் நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. கப்பலை நம்பமாட்டார். கப்பலிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறவர்களையும் நம்பமாட்டார். காகிதத்தில் எழுதி வருகிற எதையும் சுத்தமாக நம்பமாட்டார். ஆனாலும் இன்றைக்கு அவர் நெஞ்சு சின்னப் பையனுடையது மாதிரி அடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அவருடைய கடைசி மகன் கென்ரிக் ஊரில் இருப்பானா போவானா என்பது இந்தப் பருவத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் கென்ரிக் சொன்ன வார்த்தை இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. “கப்பல் பட்டியல்ல நம்ம பஸ் பேர் வந்தா இங்கயே இருக்கேன், பப்பா. வரலேன்னா ஞாயித்துக்கிழமை படகு. பக்கத்துத் தீவு குவாதலூப்புல கட்டட வேலை தயாரா இருக்கு.”

பட்டியலில் பேர் இருந்தால் பயணிகள் கப்பலுக்குள்ளேயே சீட்டு எடுத்துவிடுவார்கள். பஸ் வாசலுக்கு உள்ளே கம்பீரமாக நிற்கும். பேர் இல்லாதவர்கள் வாசலுக்கு வெளியே மீன் விற்கிறவர்கள் மாதிரி கத்த வேண்டும். தியோஃபில் குடும்பம் இருபத்திரண்டு வருஷமாக வெளியே கத்துகிறது.

மகள் செல்மா கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதிலும் வந்தது. ‘எங்கள் ஆள் ஒருவர் சாதாரணப் பயணி மாதிரி வந்து பார்ப்பார். யார், என்றைக்கு என்று சொல்லமாட்டோம்.’

“ஒளிஞ்சு வந்து பாக்கறவன் திருடனாத்தான் இருப்பான்” என்றார் தியோஃபில், கடிதத்தை மகள் படிக்கக் கேட்டுவிட்டு. மூத்த பையன்கள் இரண்டு பேரும் கனடாவுக்குப் போனவர்கள். இப்போது கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போனில் வருகிற குரலாக ஆகிவிட்டார்கள். மூன்றாவதும் குரலாகிவிடக்கூடாது. அவ்வளவுதான் அவர் கவலை.

வாசல் திறந்தது. ஜனங்கள் கொட்டினார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகத்தில் வெள்ளைக் களிம்பு.

“அருவி! அருவி! வெந்நீர்!” என்று பஸ்காரர்கள் கத்தினார்கள். தியோஃபிலும் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

ஒரு பெண்மணி நேராக அவரிடம் வந்தாள். உயரம், ஒல்லி. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி குட்டையாக வெட்டியிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென்சில் தொங்கியது.

“பள்ளத்துக்கு எவ்வளவு? எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள்.

தியோஃபில் அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“உங்களைத்தான். எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஏம்மா,” என்றார் தியோஃபில் நிதானமாக, “ராத்திரி நாம ரெண்டு பேரும் ஒரே கட்டில்லயா படுத்திருந்தோம்?”

பக்கத்தில் இருந்த பஸ்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

அந்தத் தீவில் அது வசை இல்லை. குட்மார்னிங் சொல்லாமல் பேச்சைத் தொடங்குகிறவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஒரே படுக்கையில் கண்விழித்தவர்கள் என்றால் அங்கேயே சொல்லி முடித்திருப்பார்கள். மற்றவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைக்குள் நுழைந்தாலும், பஸ்ஸில் ஏறினாலும், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் அவர்கள் கண்ணுக்கு மனுஷன் இல்லை, தூண்.

அந்தப் பெண்மணிக்கு இது எங்கே தெரியும்? கழுத்திலிருந்து காது வரை சிவந்தாள்.

“குட்மார்னிங், என் கண்ணே!” என்று குறுக்கே பாய்ந்தான் பாப்டிஸ்ட். பதினெட்டு ஆள் பஸ்காரன். நாக்கில் தேன் தடவிப் பிறந்தவன். “அந்தக் கிழவனை விடுங்க. பள்ளம்தானே? என் பஸ்ல ஜில்லுனு காத்து வரும், வாங்க வாங்க!”

அவள் போய்விட்டாள். “போகட்டும்” என்றார் தியோஃபில். “வாயில கொழுக்கட்டை வெச்சிருக்கறவளை நான் ஏத்தமாட்டேன்.”

பத்து நிமிஷத்தில் செல்மா பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த ஊர் வழக்கப்படி பஸ்ஸின் நெற்றியில் ஒரு பேர் உண்டு. பெரும்புயல் வந்து கூரைகளையெல்லாம் கடலில் போட்ட வருஷம் இந்த பஸ் மட்டும் மாமரத்தில் சாய்ந்து நின்றபடி பிழைத்தது. அதற்குப் பிறகு வைத்த பேர்: ‘இன்னமும் இங்கேதான்.’

செல்மா கதவைத் திறந்து குதித்தாள். முப்பத்தாறு வயசுக்காரி, குதித்ததில் ஒரு செருப்பு கழன்றது.

“பப்பா! ஜோசெட் போன் பண்ணினா! கப்பல் ஏஜெண்ட் ஆபீஸைப் பெருக்கறாளே, அவதான். அந்த ஆளு இன்னிக்குத்தான் வந்திருக்காங்களாம்! இதே கப்பல்ல!”

“அப்படியா!” தியோஃபில் அட்டையை இறுக்கிப் பிடித்தார். “எப்படி இருப்பானாம்?”

“அவன் இல்ல, அவங்க. பொம்பளையாம். உயரமா, ஒல்லியா, முடியைக் குட்டையா வெட்டி… கழுத்துல ஒரு பென்சில் தொங்குமாம்.”

தியோஃபில் அட்டையைக் கீழே இறக்கினார்.

“பென்சிலா?”

“ஆமா, பென்சில்.”

“பென்சில் எல்லார்கிட்டயும்தான் இருக்கும்.”

“கழுத்துலயா? பாத்தீங்களா, பப்பா? இந்தப் பக்கம் வந்தாங்களா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்ட பிறகு அது வாயைத் திறக்கிறதா என்ன?

“கூட்டத்துல யாரு கண்டது?” என்றார். “நீ ஆளைச் சேர். சீக்கிரம். இன்னிக்கு முதல்ல பள்ளம்.”

“எப்பவும் முதல்ல அருவிதானே?”

“இன்னிக்குப் பள்ளம்னேன்!”

பதினோரு பேர் சேர்ந்தார்கள். முன் சீட்டில் ஒஹாயோவிலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகள், ஃபேயும் மேயும். அறுபத்தைந்து வயது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மஞ்சள் நீச்சலுடை போட்டு, அதன் மேல் ஒரே மாதிரி பூச்சட்டை போட்டிருந்தார்கள்.

செல்மா சாவியைத் திருப்புவதற்கு முன் பின்னால் திரும்பினாள். “கேளுங்க, ஒரே ஒரு பாடம். இந்தத் தீவுல எல்லாக் கதவுக்கும் ஒரே சாவிதான். யாரைப் பாத்தாலும் முதல்ல குட்மார்னிங். அப்புறம்தான் தண்ணி, கழிப்பறை, விலை எல்லாம். எங்க, சொல்லுங்க!”

“குட்மார்னிங்!”

“பசியோட இருக்கற மாதிரி இருக்கே! இன்னொரு தடவை!”

“குட்மார்னிங்!” பஸ்ஸின் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன ரொட்டிக்காரி திரும்பி, “குட்மார்னிங், என் செல்லங்களா!” என்று கையாட்டினாள். இரட்டையர்கள் கைதட்டினார்கள்.

மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு செல்மா ஹாரன் அடித்தாள். எதிரே வந்த லாரி பதில் அடித்தது. பெரணிச் செடிகள் ஜன்னல் வழியே உள்ளே வந்து பயணிகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போயின. “ஐயோ!” என்று கத்திச் சிரித்தார்கள்.

“இன்னும் வேகமா போ” என்றார் தியோஃபில்.

“பப்பா, வேகமா போனா திட்டறது நீங்கதானே?”

“இன்னிக்குத் திட்டமாட்டேன்.”

செல்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். கியரை மாற்றினாள். 

லோடா கிராமத்துக்கு மேலே, சாலை முடிகிற இடத்தில்தான் டிட்டூ பள்ளம். பாப்டிஸ்டின் பஸ் ஏற்கெனவே அங்கே நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

குளிக்கிறவர்களுக்கு அங்கே வழிகாட்டியான கென்ரிக் தண்ணீர் ஓரமாக, ஈரக் கால்சட்டையில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். இருபத்தொன்பது வயது. அந்தப் பள்ளத்தில் அவனுக்குத் தெரியாத கல் கிடையாது. தண்ணீர் நிறம் ஒரு இழை மாறினாலும் மேலே மழை பெய்கிறது என்று சொல்லிவிடுவான். எல்லாரையும் வெளியே இழுத்துவிடுவான்.

அவனுக்குப் பக்கத்தில் மா டிட்டின் கிழவியின் தகரக் கொட்டகை. பொரித்த ரொட்டி, கருவாடு, கோக்கோ. மிதவைச் சட்டையும் அவளிடம்தான். அந்தச் சட்டை இல்லாமல் யாரையும் கென்ரிக் தண்ணீரில் இறக்கமாட்டான்.

கொட்டகை முன்னால் பாப்டிஸ்டின் ஆட்கள் பதினெட்டு பேர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பென்சில்காரியும் ஒருத்தி.

தியோஃபில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கமாகப் போய் நின்றார்.

“மிதவைச் சட்டை இருக்கா?” என்று பென்சில்காரி கேட்டாள்.

மா டிட்டின் மலையைப் பார்த்தாள். “மழை வருமோ?” என்று அடுப்பைக் கேட்டாள்.

“மிதவைச் சட்டை!” என்று அவள் சத்தமாகச் சொன்னாள், கிழவிக்குக் காது கேட்காது என்று நினைத்து.

“ஈ தொல்லை ஜாஸ்தி இன்னிக்கு” என்றாள் மா டிட்டின், துணியை வீசி.

பாப்டிஸ்ட் சற்றுத் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குளித்தவர்கள் சீட்டை நனைப்பார்கள், நேரம் எடுப்பார்கள். குளிக்காதவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவன் ஏன் சொல்லப்போகிறான்? இதற்குத்தான் தேன் தடவிய நாக்கை நம்பக்கூடாது என்பது.

அப்போது செல்மாவின் பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள்.

“குட்மார்னிங்!” என்று பள்ளமே எதிரொலிக்கக் கத்தினார்கள்.

“மெஸ்யே! அடேயப்பா!” மா டிட்டின் கன்னத்தில் கைவைத்தாள். அவள் முகம் முழுவதும் பல்லாக மாறியது. “குட்மார்னிங், குட்மார்னிங், என் தங்கங்களா! வாங்க, எத்தனை பேரு? ஏய் மஞ்சக்கிளிகளா, ரெண்டும் ஒரே முட்டையா? இந்தாங்க சட்டை. குளிச்சிட்டு வாங்க, சூடா கோக்கோ ஊத்தி வெக்கிறேன்.”

பென்சில்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். பென்சிலை எடுத்தாள். எழுதினாள்.

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து தியோஃபில் எட்டிப் பார்த்தார். என்ன எழுதுகிறாளோ. ஒவ்வொரு இழுப்பும் அவர் நெஞ்சில் இழுத்தது.

கென்ரிக் தண்ணீரில் பாய்ந்தான். “ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க! முதல்ல உயிர் போகும், அப்புறம் திரும்பி வரும்!”

இரட்டையர்கள் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். அவர்கள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. இரண்டு கறுப்புப் பாறைச் சுவர்கள், நடுவே கைக்கெட்டும் இடைவெளி, அதில் பச்சைத் தண்ணீர். மேலே ஒரு நூல் அளவு வானம். மஞ்சள் நீச்சலுடைகள் அந்த இருட்டுக்குள் இரண்டு விளக்கு மாதிரி மிதந்து போயின. உள்ளே கடைசியில் அருவி கொட்டும் சத்தம். அதற்கு மேல் சிரிப்புச் சத்தம்.

“ஃபே! நான் செத்துட்டேனா?”

“இல்ல மே! நான்தான் செத்தேன்! மறுபடியும் போலாம்!”

தியோஃபிலே ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டார். சிரிப்பு முடிவதற்குள் மகள் பின்னால் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு கை.

“பப்பா.”

“ம்.”

“மா டிட்டின் சொல்றா, உங்க வாய் நம்ம பஸ்ஸுக்கு முன்னாலயே மலை ஏறிடுச்சாம். கீழேருந்து எல்லா டிரைவரும் போன் பண்ணிச் சிரிச்சிருக்கானுங்க.” அவள் கொட்டகைப் பக்கம் கைகாட்டினாள். “அந்த அம்மாகிட்ட என்ன கேட்டீங்க?”

“வழக்கமா கேக்கறதுதான்.”

“கட்டில் கேள்வியா?”

தியோஃபில் தரையைப் பார்த்தார்.

“போந்யே, கடவுளே! கப்பல் கம்பெனிக்காரியைப் பாத்து! கட்டில்!” செல்மா பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைந்தாள். “நாலு மாசமா ஒவ்வொரு வார்த்தையா தேடித்தேடி எழுதினேன் பப்பா அந்த லெட்டரை! வெண்ணெய் திரளும்போது தாழியைப் போட்டு உடைச்சிட்டீங்களே!”

“அவ குட்மார்னிங் சொல்லலை.”

“அவங்க ஊர்ல சொல்லமாட்டாங்க! அதுக்கு?”

“சொல்லாம எப்படி ஒரு ஊர் இருக்கும்? பொய்.”

கென்ரிக் கரையேறி, முடியை உதறிக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டான். கோபப்படவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் தியோஃபிலைச் சுட்டது.

“சரி, விடு செல்மா. ஞாயித்துக்கிழமை படகு எட்டு மணிக்கு. பப்பாவே வழியனுப்பட்டும். அவருக்கு குட்மார்னிங் சொல்லிட்டே போறேன்.”

திரும்பித் தண்ணீருக்குப் போய்விட்டான்.

பாப்டிஸ்ட் ஹாரன் அடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. அவன் ஆட்கள் உலர்ந்த உடம்போடு ஏறினார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது.

அவ்வளவுதான், போயிற்று என்று தியோஃபில் நினைத்தார். தொப்பியை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

பென்சில்காரி போகவில்லை. மா டிட்டினின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கோக்கோ! கிழவி அவள் தோளில் தட்டித் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இது எப்போது நடந்தது, யார் யாரிடம் முதலில் பேசினார்கள், ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

தியோஃபில் தன் வாழ்க்கையில் யாரிடமும் போய் இறங்கிப் பேசியவர் இல்லை. புயலுக்குப் பிறகு ஊரே கூரைத் தகரத்துக்கு வரிசையில் நின்றபோதுகூட அவர் நிற்கவில்லை. வாழைமட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இப்போது கால் தானாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி அவரைப் பின்னாலிருந்து தள்ளியது.

லோடா சர்ச் மணி அடிக்கத் தொடங்கியது. அவர் காதில் அது விழவில்லை. அவள் முன்னால் போய் நின்று தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“குட்மார்னிங், மேடம்” என்றார்.

அவள் கோக்கோவைக் கீழே வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அடித்து முடியும் வரை காத்திருந்தாள்.

“பன்னண்டு ஆயிடுச்சு” என்றாள். “இதுக்கு மேல குட் ஆஃப்டர்நூன். தப்பா சொன்னா, சொல்லாததைவிட மோசம்னு இந்த அம்மா இப்பத்தான் சொல்லிக்கொடுத்தாங்க.”

மா டிட்டின் இடுப்பில் செருகிய துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

 எழுபத்தொரு வருஷத்தில் தியோஃபிலைத் திருத்திய முதல் ஆள்.

“குட் ஆஃப்டர்நூன்” என்றார் மெல்ல.

“குட் ஆஃப்டர்நூன். என் பேர் பென்ரோஸ்.” அவள் எழுந்தாள். “காலையில ஒரு கேள்வி கேட்டீங்களே.”

“அது வந்து… எங்க ஊர்ல…”

“தெரியும். இவங்க விளக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் போய் ஒம்பது வருஷம் ஆச்சு, மிஸ்டர். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை என்னை யாரும் கேக்கலை.”  அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். “பதில் இதுதான்: இல்லை. நாம அங்க இல்லை. என் பஸ் போயிடுச்சு. உங்க பஸ்ல இடம் இருக்கா? இந்தத் தண்ணில நான் இறங்கணும்.”

அடுத்த நாலு மணி நேரத்தை எப்படிச் சொல்வது! கென்ரிக் அவளைக் கையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் கூட்டிப் போனான். போகும்போது அரசாங்க அதிகாரி மாதிரி போனவள் வரும்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வந்தாள். அங்கிருந்து, கென்ரிக்கும் பஸ்ஸில் ஏறிக்கொள்ள, வாட்டன் வேவன் வெந்நீர்த் தொட்டி. கந்தக வாடை மூக்கைத் துளைக்க, சாம்பல் சேற்றை முகத்தில் அப்பிக்கொண்டு ஃபேயும் மேயும் அவளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எது ஃபே, எது மே, எது கம்பெனி என்று தெரியவில்லை. பிறகு இரட்டை அருவி. பெரியதை அப்பா என்பார்கள், சின்னதை அம்மா என்பார்கள்.

“அப்பாதான் சத்தம் ஜாஸ்தி போடும்” என்றாள் செல்மா, தன் அப்பாவைப் பார்த்து. “தண்ணி ஜாஸ்தி தர்றது அம்மாதான்.”

பஸ் மொத்தமும் சிரித்தது. தியோஃபிலும் சிரித்தார். அவர் சட்டை முழுவதும் பம்ப்ளிமாஸ் சாறு. வழியில் மரத்தடியில் நிறுத்தி அவரே எல்லோருக்கும் உரித்துக் கொடுத்திருந்தார்.

அவ்வளவு நேரமும் பென்ரோஸ் பென்சிலைத் தொடவே இல்லை. தியோஃபிலுக்கு அவள் தொட்டால் பயம், தொடாவிட்டால் அதைவிடப் பயம். சிரித்துப் பேசிவிட்டுக் கழுத்தை அறுக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

கப்பல் கிளம்ப வேண்டிய நேரம் நாலரை. நாலுக்கு செல்மா துறைமுக வாசலில் பஸ்ஸை நிறுத்தினாள். ஒவ்வொருவரும் இறங்கும்போது தியோஃபிலின் கையைப் பிடித்து “குட் ஆஃப்டர்நூன்” சொன்னார்கள். இரட்டையர்கள் ஆளுக்கொரு கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். சுற்றி நின்ற பஸ்காரர்கள் விசிலடித்தார்கள்.

பென்ரோஸ் கடைசியாக இறங்கினாள். செல்மாவின் எதிரே நின்றாள்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியும், மேடம்” என்றாள் செல்மா. ஒரே மூச்சில் சொன்னாள். “அந்தக் கட்டில் கேள்வி கேட்டது என் அப்பா. அதையும் உங்க நோட்டுல எழுதிக்குங்க. அவரை விட்டுட்டு எனக்குப் பட்டியல்ல இடம் வேண்டாம்.”

தியோஃபில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.  

“காலையிலேயே எழுதிட்டேன்” என்றாள் பென்ரோஸ். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். “ஒரே இடம், ஒரே நேரம், ரெண்டு பஸ். ஒரு பஸ் ஆளுங்க விருந்தாளிங்க. இன்னொரு பஸ் ஆளுங்க தூண். அடுத்த புதன்கிழமை அடுத்த கப்பல். பஸ்ஸை வாசலுக்கு உள்ள கொண்டுவந்து நிறுத்துங்க. அப்பாவும் நிக்கணும். அட்டை வேண்டாம்.”

செல்மா கத்திய கத்தலில் கப்பல் ஊதலே கேட்கவில்லை. அவள் கென்ரிக்கைக் கட்டிக்கொண்டாள், பென்ரோஸைக் கட்டிக்கொண்டாள், ‘இன்னமும் இங்கேதான்’ என்று எழுதிய கண்ணாடியை முத்தமிட்டாள். பாப்டிஸ்ட் தூரத்தில் தரையில் எச்சில் துப்பினான்.

தியோஃபில் மகன் பக்கம் திரும்பினார். குரலை எவ்வளவு கடுமையாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கினார். “எடுடா அந்தப் படகுச் சீட்டை.”

கென்ரிக் சிரித்துக்கொண்டே பையில் கைவிட்டான். “சொன்னா சொன்னதுதான், பப்பா.” சீட்டை இரண்டாக, நாலாகக் கிழித்தான். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று.

ஒரு துண்டு தண்ணீரில் விழுகிற வரை தியோஃபில் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கத்தியதற்கு இது போதும் என்று தோன்றியது.

பென்ரோஸ் வாசல்வரை போனவள், திரும்பி வந்தாள்.

“இன்னொண்ணு” என்றாள். தியோஃபிலிடம் இல்லை. கென்ரிக்கிடம். ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். “கப்பல்ல எங்களுக்கு ஒரு ஆள் வேணும். ஒவ்வொரு தீவுலயும் ஜனங்களைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகணும், பத்திரமா கொண்டுவரணும். வருஷத்துல எட்டு மாசம் கடல்ல. இன்னிக்கு உங்களைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். பதிலைப் புதன்கிழமை சொன்னா போதும்.”

கென்ரிக் அந்த அட்டையைக் கிழிக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கினான். படித்தான். மறுபடி படித்தான். பிறகு தலையை நிமிர்த்தி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். கீழ் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக அவன் கண் மேலே ஏறியது.

செல்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “கென்ரிக்?”

 அட்டை அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

கப்பல் ஊதியது. பென்ரோஸ் வாசலைத் தாண்டினாள். தாண்டியதும் நினைவு வந்தவளாகத் திரும்பினாள். கற்றுக்கொண்ட பாடத்தை மறக்காத நல்ல மாணவி மாதிரி, முகம் முழுக்கச் சிரிப்போடு கையை உயர்த்தினாள்.

“குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் தியோஃபில்!”

வாசலில் நின்ற அத்தனை பஸ்காரர்களும் தியோஃபிலைப் பார்த்தார்கள்.

வணக்கத்துக்கு வணக்கம் சொல்லாமல் எழுபத்தொரு வருஷம் ஒரு நாள்கூட இருந்திராத அந்த மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தூண் மாதிரி நின்றார்.